கண்ணாடிக்கு வெளியே நாலு பேர்

கர்ட்டன்காரர் அன்று மதியம் கூட்டத்துக்குப் போனபோது நாலு ஓட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனார். பள்ளியை ஆளும் ஏழு பேர் குழுவில் நாலு. கணக்கு அத்தோடு முடிந்தது. மற்றதெல்லாம் மரியாதைக்குக் குடிக்கும் காபி என்று நினைத்திருந்தார்.

கர்ட்டன்காரர் என்பது பள்ளிக்கூடம் வைத்த பெயர். மனிதர் திரைச்சீலைத் துணி மொத்த வியாபாரி. பள்ளி அரங்கத்துக்கு மேடைத்திரை தைத்துக் கொடுத்த நாளிலிருந்து வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு வருத்தமில்லை. துணிச் சந்தையில் அவர் குடும்பத்துக்கு இதைவிடக் கேவலமான பெயர்கள் வழங்கின. சர்வதேசப் பள்ளி என்றால் என்னடா என்று அவருடைய அண்ணன் ஒருமுறை கேட்டபோது, “பிள்ளைங்க எல்லாத் திசையில இருந்தும் வரும்ணே, பீஸ் மட்டும் ஒரே திசையில போகும்” என்று சொன்னவர் அவர்.

ஆனால் அந்தப் பீஸைக் கட்டும்போது மட்டும் அவர் பேரம் பேசியதில்லை. காரணம் மகள். மகளுக்கு எழுத்துகள் வரிசையில் நிற்காது. பார்க்கிறபோதே இடம் மாறிக்கொள்ளும். முந்தைய இரண்டு பள்ளிகள் அவளைச் சிரித்த முகத்தோடு வெளியே அனுப்பின. “உங்க பொண்ணுக்கு எங்களைவிட நல்ல இடம் இருக்குங்க” என்றார்கள். கடன் கொடுக்க மனமில்லாதவன் அடுத்த கடையைக் கைகாட்டும் அதே குரல். இங்கேதான் தரைத்தளத்தில் உதவி அறை என்று ஒன்று இருந்தது. வட்ட மேசைகள், மூன்று டீச்சர்கள், அவசரமில்லாத ஒரு அமைதி. அதில் உட்கார்ந்து எழுந்த பிறகு மகள் காரின் பின்சீட்டிலிருந்து கடைப் பலகைகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். டயர் கடை, கண்ணாடிக் கடை, பூட்டு ரிப்பேர். கர்ட்டன்காரர் அன்று முதல் நேர்வழியை விட்டுவிட்டுக் கடைத்தெரு வழியாகவே காரை ஓட்டினார். நெரிசலில் நின்றால் அவருக்குச் சந்தோஷம்.

அந்த உதவி அறையை மூடலாமா என்பதுதான் அன்றைய கூட்டத்தின் விஷயம். பள்ளியை நடத்தும் கம்பெனிக்கு அந்த இடம் வேறு எதற்கோ வேண்டுமாம். அறையில் படிக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் முடிவு தெரிந்துகொள்ளக் கீழே அரங்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவியும் அங்கேதான் இருந்தாள். படியேறும்போது கையை ஆட்டி, “பேசி முடிச்சுட்டு வாங்க, பக்கத்துல சீட்டு போட்டு வெச்சிருக்கேன்” என்றாள்.

குழுவில் பெற்றோர் தேர்ந்தெடுத்தவர்கள் நாலு பேர்: கர்ட்டன்காரர், பல் டாக்டரம்மா, விமானம் ஓட்டும் பைலட், ஒரு ஆடிட்டர். கம்பெனி நியமித்தவர்கள் மூன்று பேர்: கம்பெனி வக்கீல், போன பருவம் வரை பள்ளிக்கு ஒப்பந்தத்தில் பஸ் விட்டுக்கொண்டிருந்த பஸ்காரர், இவர்களுக்கு மேலே தலைவர். தலைவரை எல்லாரும் ஜட்ஜ் என்பார்கள். மனிதர் எந்தக் கோர்ட்டிலும் உட்கார்ந்தவரில்லை. லிப்ட் விற்கும் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்த மாட்டார். அவர் பேசினால் எதிரில் இருப்பவர்கள்தான் முன்னால் குனிய வேண்டும். குனிந்து குனிந்து, கடைசியில் தலையாட்டிவிட்டு வருவார்கள்.

போன பருவத்தில் குழுவுக்குப் பாடம் நடத்த வெளிநாட்டிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். உலகத்தில் இந்த மாதிரிப் பள்ளிகளை யார் யார் ஆள்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார். ஒரு நாட்டில் பெற்றோரே மொத்தக் குழுவையும் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொரு நாட்டில் தூதரகம் ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. வேறொரு இடத்தில் முதலாளி தன் மைத்துனர்களை வரிசையாக உட்காரவைத்துவிட்டு அதற்கும் குழு என்றே பெயர் வைக்கிறார். எங்கே போனாலும் வியாதி ஒன்றுதான், தனக்கு லாபம் உள்ள விஷயத்தில் தானே ஓட்டுப் போடுவது என்று பயிற்சியாளர் முடித்தபோது, கர்ட்டன்காரருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது.

“எங்க சந்தையில இதுக்கு வழி இருக்குங்க” என்று எழுந்தார். “அண்ணன் தம்பிக்குள்ள கடை கைமாறுதுன்னா ரெண்டு பேரையும் டீ குடிக்க அனுப்பிருவோம். விலையை மூணாவது ஆளுங்க பேசி வெப்பாங்க. பங்கு இருக்கிறவன் கடைக்குள்ள நிக்கக்கூடாது.”

பயிற்சியாளர் கைதட்டினார். அதையே விதியாகப் போட்டுவிடலாம் என்றார். கர்ட்டன்காரர் மனதில் இருந்தது ஒரே ஆள், பஸ்காரர். பள்ளி பஸ் ஒப்பந்தத்தை வருஷா வருஷம் தனக்குத் தானே ஓட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தவர். விதி வந்தால் அவர் வெளியே; அவர் வெளியே போனால் ஒப்பந்தமும் வெளியே.

கம்பெனி பக்கம் ரொம்ப நேரம் முரண்டு பிடிக்கவில்லை. ஜட்ஜ் மட்டும் மெதுவாகக் கேட்டார். “யாருக்குப் பங்கு இருக்குன்னு ஒருத்தர் சொல்லணுமே சார். அதைத் தலைவர்கிட்ட விட்டுடலாமா? மிச்சம் இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் இருந்தா கூட்டம் செல்லும்னும் போட்டுக்கலாம்.”

சரக்கு பெரிதாக நகரும்போது கொசுறைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? “போட்டுக்கங்க” என்று கர்ட்டன்காரர் தாராளமாகச் சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்திலேயே பஸ்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார், ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போனது. அன்று சந்தையில் அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆக, இப்போது கூட்டம் ஆரம்பித்ததும் ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு கர்ட்டன்காரரைப் பார்த்தார்.

“உதவி அறை விஷயத்துக்குப் போறோம். சார், உங்க மகள் அந்த அறையில படிக்கிறாங்க இல்லையா?”

“ஆமாங்க.”

“அப்ப நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருக்கணும். உங்க விதிதான்.”

கர்ட்டன்காரர் சிரித்துக்கொண்டே எழுந்தார். இதை அவர் எதிர்பார்த்திருந்தார். அவர் போனால் மூன்றுக்கு மூன்று. சமமாக நின்றால் விஷயம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும், குழுவின் பழைய வழக்கம் அது. அடுத்த பருவத்துக்குள் எத்தனையோ பேசிக்கொள்ளலாம். டாக்டரம்மாவைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே வந்தார்.

கூட்ட அறைக்குச் சுவர் கிடையாது, கண்ணாடிதான். முழங்காலுக்கு மேலே வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். அந்தத் தாளை அவருக்குப் பிடிக்காது. அங்கே திரை போடுகிறேன் என்று அவர் விலை சொல்லி, கம்பெனி வேண்டாமென்ற இடம். பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே இருப்பவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. பைலட்டின் ஷூ ஆடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவின் செருப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. மேசைத் தலைமாட்டில் ஜட்ஜின் பழுப்பு ஷூ இரண்டும் கடை அலமாரியில் வைத்த மாதிரி அசையாமல் இருந்தன.

குரல் எதுவும் கேட்கவில்லை. ஏசி இரைச்சல் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவின் செருப்பு எழுந்தது. கதவு திறந்து அவரே வெளியே வந்தார்.

“என்னங்க டாக்டரம்மா?”

“என் தங்கச்சி பொண்ணு அந்த அறையில இருக்காளாம். குடும்பத்துக்குப் பங்கு இருக்காம்.” அவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். “எனக்கே மறந்துபோச்சு. அவருக்கு ஞாபகம் இருக்கு.”

கர்ட்டன்காரர் விரலை மடக்கி எண்ணினார். இரண்டுக்கு மூன்று. அவர் வாயைத் திறப்பதற்குள் பைலட்டின் ஷூ ஆடுவது நின்றது. அது எழுந்தது. பக்கத்தில் ஆடிட்டரின் கறுப்பு ஷூவும் எழுந்தது.

“தம்பி, உங்களுக்கு அங்க யாரும் படிக்கலையே?” என்றார் கர்ட்டன்காரர், பைலட் வெளியே வந்ததும்.

“இல்லண்ணே. ஆனா அறையை மூடினா எல்லார் பீஸும் கொஞ்சம் குறையுமாம். குறைஞ்சா எனக்கு லாபமாம். லாபம் இருக்கிறவன் உள்ள இருக்கக் கூடாதாம்.” பைலட் சிரிக்கப் பார்த்தார். “முப்பதாயிரம் அடி உயரத்துல இருந்துகூட என்னை இறங்குன்னு யாரும் சொன்னதில்ல. இவரு காபி குடிச்சுக்கிட்டே சொல்லிட்டாரு.”

“அப்படிப் பார்த்தா பீஸ் கட்டுற எல்லாப் பெற்றோருக்கும்தானே லாபம்?”

“அதான் எல்லாரும் வெளிய இருக்கோம்” என்றார் ஆடிட்டர்.

நாலு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்குக் கீழே மூன்று ஜோடிக் கால்கள் மிச்சமிருந்தன. மூன்று பேர் எந்தச் சத்தமும் இல்லாமல் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கர்ட்டன்காரர் யோசித்தார். எதுவும் பேசத் தேவையில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

“அந்த விதியை யாருங்க கொண்டு வந்தது?” என்று டாக்டரம்மா கேட்டார். பதில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி.

கர்ட்டன்காரர் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“ஜட்ஜ் சார், இது நியாயமில்ல. கம்பெனிக்கு இதுல லாபம் இல்லையா? அப்ப நீங்க மூணு பேரும்தானே முதல்ல எழுந்திருக்கணும்?”

“கம்பெனிக்குத்தானே சார். எங்களுக்கு இல்லையே. நாங்க ஒரு சம்பளமும் வாங்கறதில்ல. எங்க பிள்ளைங்க யாரும் இங்க படிக்கல. உலகத்துல நல்ல ஸ்கூல் எங்க போனாலும் இப்படிப்பட்ட ஆளுங்களைத்தான் தேடறாங்க.” அவர் குரல் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் கர்ட்டன்காரர் தன்னை அறியாமல் முன்னால் குனிந்தார்.

“சரிங்க. நான் என் பொண்ணை ஸ்கூல்ல இருந்தே எடுத்துடறேன். இப்பவே எழுதித் தர்றேன். எனக்குப் பங்கு போச்சா? என் ஓட்டைப் போடறேன்.”

ஜட்ஜ் உண்மையாகவே வருத்தப்பட்டவர் போலத் தலையை ஆட்டினார். “எடுத்துட்டா நீங்க பெற்றோர் இல்லையே சார். பெற்றோர் இல்லாதவர் இந்த நாற்காலியில உக்கார முடியாதே.”

வக்கீல் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பஸ்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமோ கேலியோ எதுவும் இல்லை.

“வெளியில பெஞ்சு நல்லா இருக்குங்க” என்றார். “நான் உக்காந்து பாத்திருக்கேன். சாஞ்சுக்கறதுக்குத்தான் எதுவும் இல்ல.”

கர்ட்டன்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் யாரோ ஒரு விளையாட்டு டீச்சர் பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கீழேயிருந்து அரங்கத்தின் பேச்சுச் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. காத்திருக்கிறவர்களின் பேச்சு, கல்யாண வீட்டுச் சத்தம் மாதிரி நம்பிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு வக்கீல் கதவைத் திறந்து பைலட்டை மட்டும் கூப்பிட்டார். “ஒரு நிமிஷம் வர்றீங்களா?”

பைலட் போனார். அவருடைய ஷூ ஜட்ஜின் ஷூவுக்கு எதிரே போய் நின்றது, ஆடியது, ஆட்டம் நின்றது. வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் பேசாத போனுக்கு “ஆமா, ஆமா” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். அடுத்து ஆடிட்டர். அவர் திரும்பி வந்து தன் பையை எடுத்துக்கொண்டார். “எனக்கு இன்னொரு வேலை இருக்கு, பாக்கலாம்” என்றார். ஆடிட்டர் யாரிடமும் “பாக்கலாம்” என்று சொல்லி கர்ட்டன்காரர் கேட்டதில்லை.

டாக்டரம்மா உள்ளே போகும்போது, “நான் விட மாட்டேங்க” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அவர் செருப்பு மற்ற இருவரையும்விட ரொம்ப நேரம் உள்ளே இருந்தது. ஒருமுறை தரையைத் தட்டக்கூடச் செய்தது. வெளியே வந்தபோது கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“என் தங்கச்சிக்குப் புருஷன் இல்லைங்க” என்றார் டாக்டரம்மா. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சொல்லவில்லை. “நீங்களும் போய்க் கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் என்னைப் பேசுங்க.”

உள்ளே ஜட்ஜ் எழுந்து நின்று கர்ட்டன்காரருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பஸ்காரர் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

“முடிவு எடுத்தாச்சு சார். பருவம் முடியறப்ப அறையை மூடறோம். அது போகட்டும். இப்ப கீழ போய்ச் சொல்லணும். ஒரு குழுன்னா உள்ள ஆயிரம் அடிச்சுக்கலாம், வெளிய ஒரே குரல்தான் பேசணும். எல்லா நாட்டுலயும் இதான் வழக்கம். அந்தக் குரல் உங்களுதா இருந்தா நல்லா இருக்கும். உங்களை அவங்க நம்பறாங்க.”

“நான் ஏன் சொல்லணும்?”

“சொல்லணும்னு இல்ல. நீங்க சொல்லலைன்னா வக்கீல் சொல்லுவாரு.” ஜட்ஜ் கொஞ்சம் நிறுத்தினார். “உங்க மகளைப் பத்தி யோசிச்சோம். அந்த மூணு டீச்சர்ல ஒருத்தரை வெச்சுக்கறோம். வெளியில தெரியாம. உங்க மகளும், டாக்டரம்மா வீட்டுப் பொண்ணும் மத்தப் பிள்ளைங்களோட கிளாஸ்லயே இருப்பாங்க, டீச்சர் பக்கத்துல உக்காந்து பாத்துப்பாங்க. பத்தாவது முடியற வரைக்கும்.”

கர்ட்டன்காரர் தண்ணீரைக் குடித்தார். அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததே என்று ஒரு நிம்மதியும் வந்தது. கீழே இருக்கிற மற்றப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தார். எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, நீங்களும் ஆச்சு உங்க டீச்சரும் ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தார். வார்த்தைகள் வரிசையாகவே வந்து நின்றன. வாயைத் திறந்தார்.

“பத்தாவது பத்தாதுங்க. பன்னெண்டு வரைக்கும் வேணும்.”

பஸ்காரர் தண்ணீர் ஜாடியின் மூடியைச் சத்தமில்லாமல் மூடினார்.

நாற்பது வருஷமாகக் கடையில் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. துணியைத் தடவிவிட்டுப் பேசாமல் போகிறவன் திரும்பி வந்தாலும் வருவான், வராமலும் போவான். அவனை நம்ப முடியாது. ஆனால், “முழத்துக்கு இவ்வளவு குறைங்க” என்று வாயைத் திறந்தவன் வாங்கிவிட்டான். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் அவன் மனசு ஆறுவதற்காக நடப்பது. வேலைக்கு வரும் பையன்களுக்கு அவர் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஜட்ஜுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

“ஆகட்டும் சார்” என்றார் ஜட்ஜ், கொஞ்சமும் யோசிக்காமல். “பன்னெண்டு.”

அவ்வளவு சுலபமாகக் கொடுத்தார் என்றால் இன்னும் கேட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவரை உண்மையாகவே பயமுறுத்தியது.

படியிறங்கும்போது பஸ்காரர் கூடவே வந்தார். கையைப் பிடிக்கவில்லை, தோளைத் தொடவில்லை. அரை அடி பின்னால், நடையின் தாளம் தப்பாமல் வந்தார். “மெதுவா இறங்குங்க, படி வழுக்கும்” என்றார்.

அரங்கத்தின் கதவு திறந்ததும் பேச்சு அடங்கியது. முன்வரிசையில் ஒரு தாய், மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தவள், “நம்ம கர்ட்டன்காரர் வந்துட்டாருங்க” என்றாள். பின்னால் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அந்தத் தாய் அவரைப் பார்த்துக் கேட்டாள்: “நல்ல சேதிதானே அண்ணே?”

கர்ட்டன்காரர் சிரித்தார். தானாக வந்த சிரிப்பு. விலையைச் சொல்வதற்கு முன்னால் கடைக்காரன் முகத்தில் வருவது. அந்தத் தாய் அதை நம்பி, மகனை நிமிர்த்தி உட்காரவைத்து, கேட்கத் தயாரானாள். வரிசை வரிசையாக எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

அவர் மனைவி மட்டும் நிமிரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கடையின் கல்லாப் பக்கம் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தவள் அவள். அவரை ஒருமுறை பார்த்தாள், அரையடி பின்னால் நிற்கும் பஸ்காரரைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த கைப்பையை எடுத்து, பக்கத்தில் அவருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் வைத்தாள்.

“பேசுங்க சார்” என்றார் பஸ்காரர். “எல்லாரும் காத்திருக்காங்க.”